தலை காயாத சனிக்கிழமைகள்

எனக்கு மனசு சரியில்லாமல் இருந்த ஒன்றரை வருஷமும் சனிக்கிழமைதோறும் என் தலை ஈரமாகவே இருந்தது. ஈரத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் குற்றாலத்துக்குப் போய்விட்டுக் காய்ந்த தலையோடு தென்காசி பஸ்ஸில் ஏறிப் பார்க்கவும். பக்கத்து சீட்டுக்காரர், முன்சீட்டுக்காரர், கண்டக்டர் எல்லாரும் திரும்பிக் கேட்பார்கள்: "குளிக்கலியா? பொறவு எதுக்குப் போனிய?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வெளியில் சொல்லத்தான் முடியாது.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசியை ஒட்டி ஒரு நூல் மில்லில் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். என் மேஜைக்கு வருவது வைத்தியச் செலவுப் படிவங்கள். எல்லார் சம்பளத்திலும் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து ஒரு நிதியில் போடுவார்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் செலவை அதிலிருந்து திருப்பித் தருவார்கள். டாக்டர், மருந்துக்கடை பில்களும், நோயின் பெயரை எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவமும் வேண்டும். நான் சரிபார்த்து மேனேஜருக்கு அனுப்புவேன். ஆக, மில்லில் யாருக்கு மூலம், யாருக்குக் குடலிறக்கம், யாருக்கு எந்த இடத்தில் படை என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. இப்படியொரு பொக்கிஷத்தின் மேல் என்னை மாதிரி ஒரு வாய்க்கொழுப்புக்காரனை உட்கார வைத்தது மில்லின் தப்பு என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலை பதினோரு மணிக்கு டீ வரும். டீ டம்ளரை மைக் மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ரேடியோக் குரலில் தொண்டையைச் செருமுவேன். "செய்திகள். வாசிப்பது உங்கள் குமாஸ்தா. ஸ்பின்னிங் பகுதி மேஸ்திரிக்கு நேற்றிரவு முதல் உட்கார முடியாத நிலை நீடிக்கிறது. நாற்காலிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன." ஆபீஸே குலுங்கும். மேஸ்திரியும் வந்து, "ஏலே, நாசமாப் போறவனே" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார். மேனேஜர் தன் அறைக் கதவை ஒருக்களித்து வைத்துக் கேட்பார். என் குரலுக்கு நிஜ ரேடியோவிலேயே வேலை கிடைக்கும் என்று டைப்பிஸ்ட் சொல்லுவான். நானும் நம்பினேன்.

ஸ்டோர் கீப்பர் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் வீரகேரளம்புதூர். நட்டு, போல்ட்டு, பெல்ட்டு, எண்ணெய் டின் என்று ஸ்டோரில் ஆயிரம் சாமான், ஒன்றும் குறையாது. மனுஷர் பேசி நான் கேட்டது கொஞ்சம். வருவார், குடையை ஸ்டோர் வாசல் ஆணியில் மாட்டுவார், உட்காருவார். சாயந்தரம் குடையை எடுத்துக்கொண்டு போவார். வெயிலிலும் குடை உண்டு. அவருடைய படிவம் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தது. பாளையங்கோட்டை டாக்டர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருந்தார். நோய் என்ற கட்டத்தில், மனச்சோர்வு, தூக்கமின்மை என்று இருந்தது.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. பதினொன்று அடித்தது, டீ வந்தது, டம்ளரைத் தூக்கினேன்.

"முக்கியச் செய்தி. நமது ஸ்டோரில் சரக்கில் ஒன்று குறைகிறது. காணாமல் போனது ஸ்டோர் கீப்பரின் மனசு. ரிஜிஸ்டரில் பதியாமல் அதை வெளியே விட்டது யார் என்று விசாரணை நடக்கிறது."

அன்றைக்கு விழுந்த சிரிப்பு மாதிரி அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை. டைப்பிஸ்டுக்குப் புரையேறியது. ஸ்டோர் கீப்பரும் சிரித்தார். சத்தமே வரவில்லை, தோள் இரண்டு மட்டும் குலுங்கின. குலுங்கிக்கொண்டே, குடிக்காத டீயை ஜன்னல் கட்டையில் மெதுவாக வைத்தார். நான் அதையும் கைதட்டல் கணக்கில்தான் சேர்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, அந்தப் படிவத்தத் தாரியளா?"

"ஏன் அண்ணாச்சி? எல்லாம் சரியாத்தான இருக்கு? இந்த வாரமே அனுப்பிருதேன்."

"வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து படிவம் வரவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் தமாஷாக, "என்ன அண்ணாச்சி, சரக்கு கிடைச்சிட்டா?" என்றுகூடக் கேட்டேன். தலையை ஆட்டினார்.

அடுத்த ஆனியில் சாரல் பிடித்துக் குற்றாலம் நிரம்பி வழிந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பவில்லை. அருவியில் தேடினார்கள், அங்கே எதுவும் இல்லை. புளியறை செக்போஸ்ட்டில் ஒரு லாரியில் ஏறியதைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பார்த்ததாக இன்னொருத்தர் சொன்னார். போய்ப் பார்த்தால் அது வேறு ஆள். திங்கட்கிழமை நான் ஸ்டோர் பக்கம் போனபோது, குடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாரல் காலத்தில் குடையை மறந்துவிட்டுப் போகிறவன் தென்காசியில் பிறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் சம்சாரம் ஆபீஸுக்கு வந்தாள். மேனேஜரைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"நீங்கதான அந்த வைத்தியக் காகிதமெல்லாம் பாக்கிறவிய?"

"ஆமா மதினி. உக்காருங்க."

உட்காரவில்லை. "அந்த டாக்டர்ட்ட நாலு தடவ போனாவ. அங்க போயிட்டு வந்த வாரமெல்லாம் கொஞ்சம் தூங்குனாவ. பொறவு மில்லுல காசு தர மாட்டாவன்னு போறத நிறுத்திட்டாவ. கைக்காசுக்கு எங்க போக? ஏன் தம்பி, காகிதம் சரியில்லயா?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. என் வாய், ஊருக்கெல்லாம் செய்தி வாசித்த வாய், அன்றைக்குச் சொன்ன செய்தி இது:

"ஆமா மதினி. படிவம் சரியில்ல."

அவள் போன மறுநாள் பதினோரு மணிக்கு, டீ வருவதற்கு முன்னாலேயே, என் காதுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். செய்திகள், என்றது குரல். என் குரல்தான். காணாமல் போனது ஸ்டோர் கீப்பரின் மனசு. வார்த்தைக்கு வார்த்தை, அதே ஏற்ற இறக்கம். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கையால் பொத்திப் பார்த்தும் உறுதிப்படுத்திக்கொண்டேன். மறுநாளும் பதினொன்றுக்கு. அதற்கடுத்த வாரத்திலிருந்து மணி பார்க்காமலும். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, கோயிலில் கையெடுக்கும்போது. தூக்கம் போனது. நான் செய்தி வாசிப்பதை நிறுத்தினேன். நிறுத்தியதும் டைப்பிஸ்ட் எடுத்துக்கொண்டான். என்னைவிட மோசமான குரல், ஆனால் ஆட்கள் சிரித்தார்கள். கடையை மூடிவிட்டு வந்தால் எதிரில் இன்னொருத்தன் அதே சரக்கைப் போட்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

என் சம்சாரம்தான் முதலில் பிடித்தாள். "சாம்பார ஊத்திட்டு நிக்கேன், நீங்க யார்ட்ட பேசுதிய?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, குரலை மட்டும். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டாக்டரப் போய்ப் பாருங்க. மில்லுலதான் காசு தருவாவளே?"

"தருவாவ. படிவம் எழுதணும். மேனேஜர் பாக்கணும். டீக்கு முன்னால டைப்பிஸ்ட் பாத்துருவான்."

"பாத்தா என்ன?"

பார்த்தால் என்ன என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு மில்லில் யாருக்கும் தெரியாது. "கைக்காசுதான்" என்றேன். டாக்டர் ஒரு தடவைக்கு இருபது ரூபாய் என்று விசாரித்து வைத்திருந்தேன். என் சம்பளத்தில் மாதம் எண்பது ரூபாய் போனால், மீதியில் நாங்கள் சாப்பிடலாம், அல்லது வாடகை கொடுக்கலாம். வீட்டில் விலை போகிற சாமான் ஒன்றுதான் இருந்தது. அதை நான் துணியில் சுற்றித் தூக்கியதும் அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ரேடியோவ வித்தா ரேடியோவ நிறுத்தப் போறிய?"

அந்த ஒன்றரை வருஷத்தில் நான் மனசாரச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் பாளையங்கோட்டைக்காரர் என்றாலும், சனிக்கிழமை மத்தியானம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் பின்பக்கத்து அறையில் உட்காருவார். போர்டு கிடையாது. மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் வெகுகாலப் பழக்கம். ஆள் வருகிற இடத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். ஸ்டோர் கீப்பரின் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் இவர்தான். வேறு டாக்டர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் நான் படி ஏறப் போனபோது கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அருவிக்கா, மாடிக்கா?"

"அருவிக்குத்தான்."

"அருவி அந்தப் பக்கம்லா இருக்கு. நீங்க படியில காலத் தூக்கி வச்சிட்டு நிக்கிய."

நான் காலைக் கீழே இறக்கினேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "மாடிக்குப் போறவுக எல்லாரும் தலைய நனைச்சிட்டுத்தான் போவாவ. நனைச்சா மட்டும் போதாது, எண்ணெய் மணக்கணும். எட்டணா குடுங்க, நெத்தியிலயும் காதுக்குப் பின்னாலயும் தடவி விடுதேன். ஊருக்குப் போனா ஒருத்தன் கேக்க மாட்டான்."

அப்படியாக இருபது ரூபாய் மனசுக்கு, எட்டணா பொய்க்கு. மாடி வராந்தா பெஞ்சில் ஐந்தாறு பேர், எல்லாரும் ஈரத்தலை, எல்லார் தோளிலும் துண்டு, எல்லார் மேலும் எண்ணெய் மணம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. எங்கள் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஒன்றாகச் சேர்ந்து வடிகாலுக்குப் போகும். அந்தப் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மெலிந்த ஆளும் எனக்கு ஸ்டோர் கீப்பராகத் தெரிந்தார். திரும்பினால் வேறு முகம். பேரருவியின் கீழும் அப்படித்தான். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்துக் குனிந்து நிற்கிற நூறு பேருக்கும் ஒரே முதுகு. அவர்கள் நிமிரும்வரை நான் நின்று பார்ப்பேன். ஒரு தடவை ஒருத்தர் நிமிர்ந்து, "என்னவே, நான் என்ன உன் பொண்டாட்டியா?" என்று கேட்டார்.

முதல் ஆறு வாரம் நான் டாக்டரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். மேஸ்திரி, நாற்காலி, ரேடியோ விற்ற கதை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மில்லுல இதெல்லாம் சும்மா செஞ்சீங்க. இங்க இருபது ரூபா குடுத்துச் செய்றீங்க. நஷ்டம் இல்லையா உங்களுக்கு?" என்றார்.

ஏழாவது வாரம் ஸ்டோர் கீப்பரைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "அவரு இங்கதான வந்தாரு? இந்த நாற்காலியிலதான உக்காந்தாரு?" என்றேன்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். தூரத்தில் அருவிச் சத்தம். "நாளைக்கு உங்களப் பத்தி யாராவது கேட்டா, நான் என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அதேதான்."

அன்றைக்கு எனக்கு வந்த அழுகை வெகு நேரம் நிற்கவில்லை. ஈரத்தலையாக இருந்ததில் ஒரு லாபம், இறங்கி வரும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போகும்போதெல்லாம், "பில் வேணுமா?" என்று கேட்பார். "வேண்டாம்" என்பேன். அவர் பில்லை எழுதி, கிழித்து, மேஜை டிராயரில் போட்டுக்கொள்வார்.

குரல் குறைந்தது. தூக்கம் திரும்பி வந்தது. இரண்டாவது வருஷம் சித்திரையில் மாட்டிக்கொண்டேன்.

சித்திரையில் அருவி பாறையாக நிற்கும். நான் லாட்ஜ் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு போய்வந்தேன். முதல் வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என் தலையைப் பார்த்தார், கண் விரிந்தது. "அண்ணாச்சி, தண்ணி விழுதா?"

குழாயில் கழுவினேன் என்று சொல்லியிருக்கலாம். "லேசா விழுது" என்றேன். அத்தோடாவது நிறுத்தினேனா? "மலைல மழைலா. ஐந்தருவில ரெண்டு கிளை நல்லாவே விழுது." தமாஷ்காரன் நாக்குக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும், அது கதை கட்டிவிடும். பஸ் தென்காசி சேருவதற்குள் இரண்டு கிளை நாலு கிளையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை துண்டும் எண்ணெய்க் கிண்ணமும் கைப்பிள்ளையுமாக ஊரே கிளம்பியது. அதில் எங்கள் டைப்பிஸ்டும் ஆபீஸில் பாதிப் பேரும் உண்டு. பாறையைப் பார்த்துவிட்டு, வெயிலில் காய்ந்து திரும்பி வந்தார்கள்.

திங்கட்கிழமை பதினோரு மணி. டைப்பிஸ்ட் டம்ளரைத் தூக்கினான்.

"செய்திகள். தண்ணீரில்லாத அருவியில் குளித்து நமது குமாஸ்தா சாதனை."

சிரிப்பு. அவன் என் பக்கம் திரும்பினான். "ஏலே, உண்மையச் சொல்லு. அருவி காஞ்சு கெடக்கு. வாராவாரம் நீ எங்கன போய் நனையுத?"

"மலையாளத்துல தொடுப்பு வச்சிருக்கான்லே" என்றார் மேஸ்திரி. இன்னும் பெரிய சிரிப்பு. தப்பிக்க அதுவே எனக்கு நல்ல வழி. பெண் தொடுப்பு என்று ஒப்புக்கொண்டால் கௌரவம்கூட உண்டு.

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதுதான் கவனித்தேன், சத்தம் வரவில்லை. தோள் இரண்டு மட்டும் குலுங்கின. என் கை, நான் சொல்லாமலேயே, குடிக்காத டீயை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டிருந்தது.

அது என் சிரிப்பு இல்லை. அதை நான் ஒரே ஒரு தடவை வேறொருத்தரிடம் பார்த்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, "பில் வேணும் டாக்டர்" என்றேன். அவர் டிராயரைத் திறந்து பில் கட்டு முழுவதையும் நீட்டினார். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட செலவுக்கு நிதியில் பணம் கிடையாது. மூன்று மாத பில்களை மட்டும் எடுத்துக்கொண்டு, படிவத்தை நிரப்பி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். திங்கட்கிழமை டைப்பிஸ்ட் டம்ளரைத் தூக்குவதற்கு முன்னால் நான் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் டீ சட்டையில் கொட்டியது.

"செய்திகள். வாசிப்பது உங்கள் குமாஸ்தா. நோயின் பெயர், மனச்சோர்வு, தூக்கமின்மை, காதில் குரல் கேட்டல். நோயாளி, உங்கள் குமாஸ்தா. சனிக்கிழமைதோறும் குற்றாலத்தில் டாக்டரிடம் போய்வருகிறார். இதே நோய்க்கு இதற்கு முன்னால் ஒருத்தர் படிவம் கொடுத்தார். அதை நான் இதே இடத்தில் வாசித்தேன். செய்திகள் முடிந்தன."

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தரையைப் பார்த்தார். மேனேஜர் அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. டைப்பிஸ்ட் என் சட்டையைப் பார்த்து, "சட்டைய நனைச்சுத் தொவச்சிருங்க, இல்லன்னா டீக் கறை போவாது" என்றான். என்னை அவன் மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான். மறுநாள் அவன் டம்ளரில் டீயை மட்டும் குடித்தான்.

மனசுக்கெல்லாம் நிதியில் இடமில்லை என்று படிவம் திரும்பி வரும், வரட்டும் என்று இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குக் கிடைக்காது என்றால் அவருக்கும் கிடைத்திருக்காது. நான் வாசித்திருந்தாலும் வாசிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். அந்த ஒரு மறுப்புக் கடிதத்துக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணம் வந்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு ரூபாய் குறைப்பு இல்லை.

அந்தக் கவரையும், ஸ்டோர் ஆணியிலிருந்து குடையையும் எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூருக்கு பஸ் ஏறினேன். அவர் சம்சாரம் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட முதலில் குடையைப் பார்த்தாள்.

"மதினி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். படிவம் சரியாத்தான் இருந்துது. நான் அத எல்லார் முன்னாலயும் வாசிச்சுச் சிரிச்சேன். அதான் திருப்பி வாங்கிட்டாவ. குடுத்திருந்தா காசு வந்திருக்கும்."

அவள் மிளகாயைத் துழாவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"அவுகளும் சிரிச்சாவளா?"

"சிரிச்சாவ."

"சத்தம் வந்துதா?"

"இல்ல மதினி."

தலையை ஆட்டினாள். கவரை நீட்டினேன். "இது அவுகளுக்கு வர வேண்டியதா?" என்றாள். "இல்ல, எனக்கு வந்தது" என்றேன். கையிலிருந்த மிளகாய்த் தூசியைத் தட்டினாள். "சரி, குடுங்க" என்று வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். குடையை நீட்டினேன். அதற்குக் கை நீளவில்லை.

"அது எங்க இருந்துதோ அங்கனயே கெடக்கட்டும். வந்தாவன்னா முதல்ல குடையத்தான் தேடுவாவ."

திரும்பி வந்து மேனேஜரிடம் கேட்டு ஸ்டோருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். எண்பதுகள் முழுக்க அங்கேதான் இருந்தேன். டாக்டரிடம் இன்னும் கொஞ்ச காலம் போனேன், காய்ந்த தலையோடு. கண்டக்டர் கேட்டால், "டாக்டரப் பாத்துட்டு வாரேன்" என்பேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு நகர்ந்துவிடுவார். எண்ணெய் தேய்க்கிறவருக்குத்தான் என் மேல் வருத்தம், வாரம் எட்டணா நஷ்டம். பதினோரு மணிக்கு இன்னமும் சில நாள் யாரோ தொண்டையைச் செருமுவதுண்டு. அத்தோடு நின்றுவிடும், செய்தி வராது. ஸ்டோர் வாசலில் நிழல் விழுந்தால் மட்டும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்வேன். வருஷாவருஷம் சாரல் பிடித்ததும் குடையை விரித்து, தூசி தட்டி, கம்பிகளுக்கு எண்ணெய் தொட்டு, மடக்கி, அதே ஆணியில் மாட்டினேன்.